சிங்கி காலில் கிடந்த சிலம்பு

பொறியியல் படித்தவனுக்குத் தமிழ் பிளஸ் டூவோடு முடிந்துவிடும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும்போது மேலகரத்தை நூறு தடவையாவது கடந்திருப்பேன். குற்றாலக் குறவஞ்சி எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர் அந்த ஊர்க்காரர் என்பது முப்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரியும். நூலை முழுதாகப் படிக்க வைத்தது ஒரு கவுன்சிலிங்.

போன வருஷம் நானும் மனைவியும் வீடியோ காலில் ஒரு குடும்ப ஆலோசகரிடம் பேசினோம். அவள் தன் சம்பளத்திலிருந்து அவள் அப்பாவுக்கு அனுப்பும் பணத்துக்கு நான் கணக்குக் கேட்டதுதான் சண்டை. ஆலோசகர் திரையில் குடும்ப வரைபடம் போட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், தலைமுறைக்கு ஒரு வரிசை. "மாமியாரோட உறவு எப்படி?" என்று கேட்டார். "அவங்க எங்க அத்தைல்லா, அப்பாகூடப் பிறந்தவங்க" என்றாள் இவள். என் அம்மாவின் வட்டத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி, அடுத்த குடும்பம் என்று அவர் ஒதுக்கி வைத்திருந்த பக்கத்தில் போய் இடித்தது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படத்தை உலகெங்கும் பரப்பியது மோனிகா மெக்கோல்ட்ரிக்கும் ரேண்டி கெர்சனும் 1985இல் வெளியிட்ட புத்தகம். அதற்குப் பின்னால் நிற்பவர் மர்ரே போவன். பிறந்த குடும்பத்தின் உணர்ச்சிச் சுழலிலிருந்து ஒருவன் தன்னைப் பிரித்துப் பார்க்கக் கற்க வேண்டும் என்பது அவருடைய மையக் கருத்து. சரிதான். நானும் இவளும் பிறந்த குடும்பம் பாதி ஒன்றே என்னும்போது யார் எதிலிருந்து பிரிவது? சொந்தத்தில் கல்யாணம் செய்தால் இரட்டைக் கோடு போடு என்று படத்தின் விதி சொல்கிறது. அந்த இரட்டைக் கோட்டுக்குள் எத்தனை பேர் மூச்சுவிடுகிறார்கள் என்பது அதில் இல்லை.

கலிபோர்னியா 1963லேயே இந்தத் தொழிலுக்கு உரிமம் கொடுத்துவிட்டது. முதுகலை முடித்து, மேற்பார்வையில் 3000 மணி நேரம் வேலை பார்த்தால்தான் அங்கே உரிமம். இந்தியாவில் அப்படித் தனி உரிமமே கிடையாது. பெங்களூரு நிம்ஹான்ஸில் மனநலச் சமூகப்பணி படித்தவர்கள் குடும்ப சிகிச்சையும் கற்று வருகிறார்கள். அவர்கள் எத்தனை ஊருக்குக் காணும்? 1984ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டம் ஆலோசகர்கள் வேண்டும் என்கிறது, அவர்கள் என்ன படித்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மிச்சத்தைப் பெரியவர்களும் ஜோசியரும் பார்த்துக்கொள்கிறார்கள்.

இங்கேதான் குறவஞ்சி வருகிறது. நூலின் முதல் பாதியில் குறத்தி வசந்தவல்லியின் கையைப் பார்க்கிறாள். ஊர்ப் பெருமை, மலைவளம், தன் குலப்பெருமை எல்லாம் சொல்லி, கடைசியில் அந்தப் பெண் எதைக் கேட்கத் துடிக்கிறாளோ அதையே குறியாகச் சொல்லிப் பரிசு வாங்கிக்கொள்கிறாள். கவிதை அபாரம். ஆலோசனையாக எடுத்துக்கொண்டால் நம் வீட்டுப் பஞ்சாயத்துகளுக்கு மூலப்பிரதி இதுதான்: வந்தவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு அதைத் தெய்வவாக்காக்கித் தருவது.

பின்பாதி வேறு. குறி சொல்லப் போன சிங்கியைத் தேடி வருகிறான் சிங்கன். வழியில் நண்பன் நூவனிடம் புலம்பல். (கணவன் மனைவிக்குள் சூடு தாங்காதபோது மூன்றாவது ஆளை இழுத்துப் போடுவதைப் போவன் முக்கோணம் என்பார். நூவனைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன்.) சிங்கியைக் கண்டதும் காலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நகையாகக் கேள்வி. சிலம்பு அவன் கண்ணுக்கு விரியன் பாம்பாகத் தெரிகிறது. சேலத்தில் குறி சொல்லிச் சம்பாதித்தது என்கிறாள் அவள். வகுப்பில் இதை நகைச்சுவை என்று நடத்துவார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலைக்குப் போய் வந்த பெண், வாங்கிய கூலி ஒவ்வொன்றுக்கும் தெருவில் நின்று ரசீது காட்டுகிறாள். கேட்பதெல்லாம் அவன், பதிலெல்லாம் அவள். 'உனக்கு ஏன் இது பாம்பாத் தெரியுது?' என்று அவனிடம் கேட்க அந்த நூலில் ஆள் இல்லை.

குடும்ப சிகிச்சைப் படிப்பில் கற்றுத்தருவது அந்தக் கேள்வியைத்தான். இத்தாலியில் மிலான் குழுவினர் 1980இல் எழுதிய கட்டுரை ஒன்று அதை ஒரு முறையாகவே ஆக்கியது: சண்டை போடுகிறவரிடம் சண்டையைப் பற்றிக் கேட்காதே, அந்த நேரத்தில் வீட்டில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேள். வரைபடத்தை நம் உறவுமுறைக்குத் தக்கபடி மாற்றி வரையலாம். இந்தக் கேள்வியை மாற்ற வேண்டியதில்லை, குறவஞ்சியில் இல்லாதது இது ஒன்றுதான். இங்கே ஒருநாள் இந்தப் படிப்பு வந்தால், சிங்கன் சிங்கி உரையாடலைக் கொடுத்து, நடுவில் எங்கே வாயைத் திறப்பாய் என்று மாணவர்களைக் கேட்கலாம்.

எங்கள் ஆலோசகர் படத்தில் தடுமாறினாலும் கேள்வியில் தடுமாறவில்லை. "இவர் கணக்குக் கேக்கும்போது வீட்ல மத்தவங்க என்ன பண்ணுவாங்க?" என்று இவளிடம் கேட்டார்.

"அத்தை டிவி சத்தத்தக் கூட்டிருவாங்க. அவங்க தம்பிக்குப் போற காசுல்லா."

ஆறு வருஷமாக அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அம்மாவுக்குக் காது மந்தம் என்று நினைத்திருந்தேன்.