மூலமும் படியும்: மூலக்கூறு மரபியலின் தமிழ்ச் சொற்கள் குறித்து

பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூரைக் கடந்து சிறுசேரி சிப்காட் பூங்காவுக்குள் நுழைவோர், அங்குள்ள கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னே நாள்தோறும் எழுதப்படுவது பெரும்பாலும் ஒன்றே என்பதை அறிவர்: கணினிக்கான நிரல். என் சகோதரியின் மகனும் அவ்வாறு எழுதுவோரில் ஒருவன். மருந்தாய்வுத் தரவுகளைக் கையாளும் குழுவுக்கு மாற்றப்பட்டதும், பத்தாம் வகுப்போடு விட்டுவிட்ட உயிரியலை அவன் அடிப்படையிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. தமிழ்வழியில் பயின்றவனாதலால் பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலைத் தேடி வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிறு மாலை என்னிடம் வந்தான். மூலக்கூறு மரபியல் பாடத்தில் பத்துப் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "மாமா, இதுவும் நாங்க எழுதுற கோடு மாதிரித்தானே? நாலு எழுத்து, ஒரு புரோகிராம், அவ்வளவுதானே?" என்றான்.

நான் மொழி ஆசிரியன், உயிரியலாளன் அல்லன். எனினும் அவனோடு அமர்ந்து அப்பாடத்தைப் படித்தபோது, இக்கேள்வி அறிவியலிலிருந்து பிறந்ததன்று, அறிவியலைச் சொல்லப் பயன்படும் சொற்களிலிருந்து பிறந்தது என்று தோன்றியது. குறியீடு, எழுத்து, படியெடுத்தல், மொழிபெயர்த்தல் ஆகிய யாவும் சுவடியறையிலிருந்து கடன் பெற்றவை. இவை உவமைகள் என்பதைச் சொல்லாமலே பெயர்களாக மாணவர் கையில் கொடுத்துவிடுகிறோம். அவற்றின் தகுதியையும் குறைபாட்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் துறையின் பெயரையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 'மரபியல்' என்கிறோம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கும் அதுவே பெயர் என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். உயிர்களின் இளமைக்கும் ஆண்மைக்கும் பெண்மைக்கும் வழங்கும் பெயர்களையும், அறிவின் எண்ணிக்கையால் உயிர்களை வகுக்கும் முறையையும் கூறும் இயல் அது. பழைய சொல்லுக்குப் புதுப்பணி கொடுத்தது நல்ல தேர்வே. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களோ இதனைப் 'பிறப்புரிமையியல்' என்கின்றன. ஒலி இனிது, ஆனால் உரிமை என்பது கோரிப் பெறுவது, மறுக்கப்படக்கூடியது. தாயிடமிருந்து வரும் ஒரு நோயை எவரும் உரிமையென்று கோருவதில்லை. மாறாக, நம் 'மரபணு'வைவிட அவர்களின் 'பரம்பரையலகு' நேர்த்தியானது. அணு என்றதும் எல்லை வகுத்த ஒரு துகள் மனத்தில் எழுகிறது. 1909இல் யோகான்சன் 'ஜீன்' என்ற சொல்லை ஆக்கியபோது அத்தகைய கற்பனைக்கு இடம் இருந்தது. இன்று நாம் அறிவது ஒரு நீண்ட இழையின் ஒரு பகுதியை. அதுவும், 1977இல் தெரியவந்தவாறு, உயர் உயிரிகளில் பெரும்பாலும் துண்டு துண்டாகக் கிடக்கும் பகுதியை. 'அலகு' அத்தகைய வடிவம் எதையும் முன்கூட்டிக் கற்பிப்பதில்லை.

இனிப் படியெடுத்தல். டி.என்.ஏ. இழையின் ஒரு பகுதியிலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதை இச்சொல் குறிக்கிறது. அடினைன், குவானைன், சைட்டோசின் ஆகிய மூன்று எழுத்துகள் இரண்டிற்கும் பொது. டி.என்.ஏ.யில் தைமின் நிற்குமிடத்தில் ஆர்.என்.ஏ.யில் யுராசில் நிற்கும். முதுகெலும்பாக அமையும் சர்க்கரையிலும் ஓர் உயிர்வளி அணு வேறுபாடு உண்டு. மொழி மாறவில்லை; எழுத்துடை மட்டும் சற்று மாறியது. இதற்குத் தமிழ் முஸ்லிம்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. அரபுத்தமிழ் நம் வீட்டுப் பேழைகளில் இருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் (1816-1898) நூல்களைக் கையிலெடுத்தவர், பார்வைக்கு அரபாகவும் செவிக்குத் தமிழாகவும் இருந்த அந்த எழுத்தை அறிவர். தமிழுக்கே உரிய ஒலிகளுக்காக அரபு எழுத்துகளில் புள்ளியைக் கூட்டிக்கொண்டார்கள், வாசகம் மாறவில்லை. என் மருமகனுக்கு இதைச் சொன்னதும், "அப்போ ஆர்.என்.ஏ. அரபுத்தமிழ்" என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். அவன் உம்மும்மா ஓதிய கிதாபு ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

ஆயினும் உவமை இவ்விடத்திலேயே ஒருமுறை முறிகிறது. கிதாபைப் படியெடுப்பவர் முதலிலிருந்து முடிவுவரை எழுதுவார். அப்படி பல தலைமுறை வாழும். உயிரணு எடுக்கும் படியோ தேவையான பக்கத்தின் படி மட்டுமே. பயன் முடிந்ததும், சில நிமிடங்களிலோ நாள்களிலோ சிதைக்கப்பட்டுவிடும். கல்லீரல் அணுவிலும் கண்ணின் அணுவிலும் இருப்பது ஒரே நூல்தான். எந்தப் பக்கம், எப்போது, எத்தனை படி என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. இந்த ஆட்சி பாடநூலில் இறுதிப் பக்கங்களுக்குத் தள்ளப்பட்டு, தேர்வுக்கு முந்தைய வாரத்தில் விரைந்து கடக்கப்படுகிறது. மாணவர் மனத்தில் நிற்பது எழுத்து மட்டுமே, வாசிப்பு நிற்பதில்லை.

அணு பிளவுறும்போது டி.என்.ஏ. இரட்டிப்பாவதும் ஒருவகைப் படியெடுப்பே. சுவடிகளை எழுதி முடித்தபின் மூலத்தோடு ஒப்புநோக்கிப் படிப்பதை நம் ஹதீஸ் அறிஞர்கள் 'முகாபலா' என்றனர். ஒப்புநோக்காத படிக்கு அவர்களிடம் மதிப்பில்லை. டி.என்.ஏ.யை ஆக்கும் நொதியும் அவ்வாறே செய்கிறது. பொருந்தா எழுத்து அமர்ந்துவிட்டால் ஓரடி பின்வாங்கி, அதை வெட்டியெறிந்து, மீண்டும் எழுதுகிறது. அதற்கும் தப்பியவற்றைத் திருத்த வேறு நொதிகள் உள்ளன. முடிவில் எஞ்சும் பிழை நூறு கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவினது, அல்லது அதனினும் குறைவு. எனினும் சுவடியறையில் மூலம் வேறு, படி வேறு. 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் காட்டியது யாதெனில், பிளவுக்குப் பின் ஒவ்வோர் இரட்டையிழையிலும் ஒன்று பழையது, ஒன்று புதியது என்பதே. இங்கே மூலம் எது, படி எது? அக்கேள்விக்கே பொருளில்லை.

படியெடுத்தல் தலைகீழாகவும் நடக்கும். ஆர்.என்.ஏ.யிலிருந்து டி.என்.ஏ.யை எழுதும் நொதி 1970இல் கண்டறியப்பட்டபோது, செய்தி ஒரே திசையில்தான் செல்லும் என்று எளிமைப்படுத்திக் கற்பித்தவர்கள் திகைத்தனர். அந்நொதி சிறுசேரிக்குத் தொலைவில் உள்ள ஆய்வகச் செய்தியன்று. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றாளர்களைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் கண்டறிந்தனர். பின்னர் அந்நோயாளிகள் ஆயிரக்கணக்கில் நாடிச்சென்ற இடம் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 2004இல் நடுவண் அரசு கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ.யை எழுதி, அதை நம் அணுவின் நூலுக்குள் செருகிவிடுகிறது. ஜிடோவுடின், லாமிவுடின், டெனோபோவிர் ஆகிய மருந்துகள் செய்வது என்ன? அவை போலி எழுத்துகள். எழுதும் நொதி அவற்றை மெய்யென எண்ணிக் கோத்துவிடும். ஆனால் அவற்றுக்குப் பின் அடுத்த எழுத்தை இணைக்கக் கொக்கி இல்லை. வரி பாதியில் நின்றுவிடும். மாத்திரையை ஏன் வாழ்நாள் முழுதும் விடாது உண்ண வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்: முன்னரே செருகப்பட்ட பக்கத்தை இம்மருந்துகள் கிழிப்பதில்லை, புதிது எழுதப்படுவதை மட்டுமே தடுக்கின்றன. எழுத்து உவமை இத்துணைத் துல்லியமாகப் பயன்படும் இடம் வேறில்லை. நம் பாடநூல்களில் இது ஒரு பக்கம் பெற்றிருக்கலாம்.

அடுத்தது மொழிபெயர்த்தல். ஆர்.என்.ஏ.யின் நான்கெழுத்து மொழியிலிருந்து புரதத்தின் 20 அமினோ அமில மொழிக்குச் செல்வது. மும்மூன்று எழுத்தாகச் சேர்த்தால் 64 சொற்கள். அவற்றுள் 61 பொருளுடையவை, மூன்று முற்றுப்புள்ளிகள். யுராசிலை மட்டுமே கோத்த ஆர்.என்.ஏ. ஒன்று பினைல்அலனைனை மட்டுமே கொண்ட புரத இழையைத் தந்ததை 1961இல் நீரன்பர்க்கும் மத்தேயியும் கண்டனர். இன்று பாகிஸ்தானில் உள்ள ராய்ப்பூரில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா, வரிசை தெரிந்த ஆர்.என்.ஏ. இழைகளைத் தாமே தொகுத்து, எஞ்சிய சொற்கள் பலவற்றின் பொருளை உறுதிசெய்தார். 1968இல் நீரன்பர்க்கும் கொரானாவும் ஹோலியும் நோபல் பரிசு பெற்றனர். இவ்வளவும் எல்லா நூல்களிலும் உண்டு.

ஆனால் மொழிபெயர்ப்பாளர் யார்? பாடநூல் தயங்காமல் ரைபோசோமைக் காட்டுகிறது. மொழிபெயர்ப்பில் காலங்கழித்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க இயலவில்லை. இரு மொழியும் அறியாதவர் மொழிபெயர்ப்பாளர் ஆகார். ரைபோசோமுக்கோ அமினோ அமிலங்களின் மொழி தெரியாது. 1962இல் நடந்த ஒரு சோதனை இதைத் தெளிவாக்கியது. சிஸ்டைன் என்னும் அமினோ அமிலத்தைச் சுமந்துநின்ற கடத்து ஆர்.என்.ஏ.யை எடுத்து, அதன் சுமையை மட்டும் வேதிமுறையில் அலனைனாக மாற்றினர். சிஸ்டைன் வரவேண்டிய இடங்களில் எல்லாம் ரைபோசோம் அலனைனைக் கோத்தது. சுமை மாறியதை அது அறியவேயில்லை. ஆகவே அது அச்சுக்கோப்பவரைப் போன்றது. அகராதி வேறிடத்தில் உள்ளது. எந்தக் கடத்து ஆர்.என்.ஏ.யின் தோளில் எந்த அமினோ அமிலத்தை ஏற்றுவது என்பதை முடிவுசெய்யும் நொதிகளே அந்த அகராதி. பெரும்பாலும் ஓர் அமினோ அமிலத்துக்கு ஒன்றாக அமைந்த அவை, மேடைக்குப் பின்னால் நிற்பதால் பெயர் பெறாமல் போயின. மொழிபெயர்ப்பாளரின் பெயரை அட்டையில் போடாத பதிப்பாளர்களை நினைத்துக்கொள்கிறேன்.

ரைபோசோமின் பெருமை இதனால் குறைந்துவிடாது. சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பின்பு, மீண்டும் மாணவராகச் சேர்ந்து உயிரியலை அடிப்படையிலிருந்து கற்றவர். பட்டத்துக்குப் பின் பாடநூலைத் திறக்க வெட்கப்படுவோர்க்கு இச்செய்தி பயன்படும். என் மருமகனுக்குப் பயன்பட்டது. 2000இல் ரைபோசோமின் சிறிய பகுதியின் கட்டமைப்பை அவர் குழு வெளியிட்டது. ஸ்டைட்சோடும் அடா யோனத்தோடும் 2009இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ரைபோசோமின் இருதயத்தில், அமினோ அமிலங்களைப் பிணைக்கும் இடத்தில், புரதம் இல்லை, இருப்பது ஆர்.என்.ஏ. அதாவது நூலும் ஆர்.என்.ஏ., நூலைக் கோப்பவரும் ஆர்.என்.ஏ. காகிதம் தன்னைத்தானே வாசித்து வேலை செய்வது சிறுசேரியில் எந்தக் கட்டடத்திலும் நடப்பதில்லை. அங்கே நிரலும் கணினியும் வேறு வேறு பொருள்கள். மருமகனின் கேள்விக்கு விடை இதில் இருந்தது. அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. எழுத்து இருந்தால் எழுதியவன் இருந்தாக வேண்டும் என்று டி.என்.ஏ.யைச் சான்றாக்கும் துண்டு வெளியீடுகள் நம்மிடையே ஏராளமாகப் புழங்கின. அவற்றின் முடிவோடு எனக்குப் பிணக்கில்லை. முடிவை ஓர் ஆசிரியரின் உவமைமேல் கட்டியதில்தான் பிணக்கு. உவமை நகர்ந்தால் கட்டடமும் நகரும். ஈமானுக்கு அத்தகைய முட்டு தேவையில்லை.

எழுத்துப்பிழை என்னும் சொல்லுக்கு வருகிறேன். அரிவாள் வடிவ இரத்தச் சோகை எல்லாப் பாடநூல்களிலும் உள்ள எடுத்துக்காட்டு: ஜி.ஏ.ஜி. என்பது ஜி.டி.ஜி. ஆகிறது, 146 அமினோ அமிலங்கள் கொண்ட புரத இழையில் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் அமர்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இம்மாற்றத்தைப் பெற்ற குழந்தை கடும் வலியில் வாழ்கிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பொதுவாக நலமாகவே இருக்கிறார். அதுமட்டுமன்றி, கடும் மலேரியாவிலிருந்து அவருக்குப் பாதுகாப்பும் கிடைக்கிறது. ஆகவேதான் மலேரியா மிகுந்த நிலங்களில் இது அழியாமல் நின்றது. ஓரிடத்தில் நோயாகவும் ஓரிடத்தில் காப்பாகவும் நிற்பதைப் பிழை என்ற ஒற்றைச் சொல் எவ்வாறு தாங்கும்? பதிப்பாசிரியர்கள் இதைப் பாடபேதம் என்பார்கள், அதுவே பொருத்தம்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இந்தியாவில் இந்த இரத்த மாற்றம் முதன்முதலாக அறியப்பட்டது தமிழ்நாட்டில், நீலகிரிப் பழங்குடியினரிடையே. லேமனும் கட்புஷும் அதை 1952இல் வெளியிட்டனர். 2023 ஜூலையில் நடுவண் அரசு தொடங்கிய தேசிய இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் ஏழு கோடிப் பேரைப் பரிசோதித்து, முடிவை அட்டையில் எழுதித் தருவதை இலக்காகக் கொண்டது. ஒரு படியில் மட்டும் மாற்றம் உள்ளவரைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'கடத்தி' என்று எழுதுவோர் உண்டு. மலேரியாவைப் பரப்பும் கொசுவையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். எல்லையில் பொருள் கடத்துவோரும் அச்சொல்லின் நிழலில் நிற்கின்றனர். கூடலூரில் ஒரு பெண்ணின் கையில் உள்ள அட்டையில் அவளைக் 'கடத்தி' என்று எழுதிவிட்டால், பெண் பார்க்க வருவோர் அதை எவ்வாறு படிப்பர்? அவள் எவருக்கும் நோயைத் தொற்றவைப்பதில்லை. அவளைப் போன்ற இன்னொருவரை மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மாற்றமே இல்லாதவரை மணந்தால் நோயுற்ற குழந்தைக்கு இடமேயில்லை.

'தாங்கி' என்றேன் நான். மருமகன் அதையும் ஏற்கவில்லை. தூண் போல இருக்கிறது என்றான். "ஒரு படியில் மட்டும் மாற்றம் உடையவர்னு முழுசா எழுதிட்டா என்ன மாமா? அட்டையில் இடமா இல்லை?" என்று கேட்டுவிட்டு, பாடநூலின் ஓரத்தில் அந்தச் சொல்லை அடித்துவிட்டு, பென்சிலால் அவ்வாறே எழுதினான்.