மெருகும் மதிப்பும்

பழம் படைக்கலங்களைத் திரட்டுவோரிடையே ஒரு வாய்பாடு உண்டு. மேற்பூச்சுப் புதுப்பிக்கப்பெற்ற கைத்துப்பாக்கி, பூச்சு மாறாத ஒன்றின் விலையில் பாதிகூடப் பெறாது என்பர். அவற்றை வழிவழியாகப் பெற்ற குடும்பத்தாரோ பளபளப்பே சிறப்பெனக் கருதுகின்றனர். பின்னது பிழை, முன்னது அரைகுறை என்பது எம் கருத்து. ஜெர்மானிய லூகர் துப்பாக்கியைக் கொண்டு இதனை ஆராய்வோம். (தலைமையாசிரியனுக்குத் துப்பாக்கியில் என்ன வேலை என வினவுவோர், ஏடு பெயர்த்தெழுதுவோன் தனக்கு விளங்காத சொல்லைத் 'திருத்தி' விடும் கேட்டை எண்ணிப் பார்க்க.)

இதனை ஜெர்மானியக் கடற்படை 1904இலும் தரைப்படை 1908இலும் ஏற்றன. அக்காலத்தில் எஃகின் நீலநிறம் துருவிலிருந்தே பெறப்பட்டது. அமிலக் கலவை தடவி, மெல்லிய துருப் படியவிட்டு, கொதிநீரிலிட்டு, தூரிகையால் தேய்த்து, இவ்வாறு பன்முறை செய்தனர். விசை, காப்பு நெம்புகோல் முதலிய சிறு உறுப்புகளைச் சூடேற்றி வைக்கோல் நிறமாக்கினர். 1937ஆம் ஆண்டளவில் மௌசர் ஆலை, சூடான உப்புக் கரைசலில் தோய்க்கும் முறைக்கு மாறியபின் அவையும் நீலமாயின. ஆகவே, 1917 எனப் பொறித்த துப்பாக்கியில் விசை நீலமாயிருப்பின் பின்னொருவர் கைபட்டமை வெளிப்படை. துரு அரித்த குழிக்குள்ளும் நீலம் ஏறியிருப்பின் ஐயமே இல்லை.

நீலத்தைவிடப் பெருங்கேடு செய்வது அதற்குமுன் நிகழும் மெருகிடலே. சுழலும் சக்கரம் கூர்விளிம்பை மழுக்கும். துளைவாயைக் கிண்ணம்போற் குழிக்கும். தொடரெண், ஆய்வு முத்திரை ஆகியவற்றின் ஆழத்தைக் குறைக்கும். நிறத்தை மீண்டும் ஏற்றலாம். தேய்ந்த எஃகை எங்ஙனம் ஏற்றுவது?

எனினும் புதுப்பித்தவர் யார் என்று கேளாமல் தீர்ப்பளித்தல் முறையன்று. 1920இல் ஜெர்மானியப் படை, தன் உடைமையெனக் காட்ட அவ்வாண்டைப் பழைய படைக்கலங்கள்மேற் பொறித்தது. இரண்டு ஆண்டுகளைத் தாங்கிய லூகர்கள் இதனால் தோன்றின. இரண்டாம் உலகப் போரிற் சோவியத்துப் படை கைப்பற்றியவை, பின்னர்க் களஞ்சியங்களிற் பிரித்துக் கோக்கப்பட்டுப் புதுநீலம் பெற்றன. அமெரிக்காவில், முதலில் நீலமாய் வெளிவந்த 1911 மாதிரிக் கோல்ட்டுகள் பல, படைத்துறைப் பட்டறைகளிற் செப்பனிடப்பெற்று, சாம்பல்நிறப் பாஸ்பேட்டுப் பூச்சுடன் மீண்டும் வீரர் கைக்குச் சென்றன. அகஸ்ட்டா போன்ற படைக்களஞ்சியங்களின் முத்திரை அதற்குச் சான்று. இவற்றின் புதுப்பூச்சு அவற்றின் பணி வரலாற்றிற் சேர்ந்தது. கடைக்காரர் ஒருவர் விற்பனைக்காக மெருகிட்டதோடு இவற்றை ஒரே தட்டில் வைப்பது சோம்பல். சோவியத்து லூகர்கள் சந்தையிற் குறைந்த விலைக்கே போகின்றன என்பது மெய். உறுப்புகளின் எண்கள் ஒன்றோடொன்று ஒவ்வாமையும் அதற்கொரு காரணம்.

இன்னொரு வகையுமுண்டு. தேர்ந்த கைவினைஞர் சிலர் பழைய முறையிலேயே துருநீலம் ஏற்றி, விசைக்கு வைக்கோல் நிறமும் தருகின்றனர். தொழில் போற்றத்தக்கதே. விற்பனைச் சீட்டில் அதனைக் குறியாது விடுவாரேல் அதுவே பொய்ச்சான்றாகிவிடும். குறித்தால் விலை இறங்குமே என்பர். இறங்கட்டும், வாங்குவோன் உண்மைக்குரிய விலையைக் கொடுப்பான்.

தந்தையோ பாட்டனோ போர்க்களத்திலிருந்து கொணர்ந்த லூகரை விற்க எண்ணும் அமெரிக்கக் குடும்பத்தார், மென்துணியும் சிறிது எண்ணெயும் கொண்டு துடைப்பதோடு நிறுத்தி, அவ்வாறே மதிப்பீட்டாளரிடம் காட்டுவாராக.