கிண்ணமும் ஊசியும்: வலி நீக்கும் மருத்துவங்கள் குறித்து ஒரு மதிப்பீடு

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் பெருமுக்கல் குன்றைக் கடந்து கிழக்கே போனால், கடலை ஒட்டி உப்பளங்கள் விரிகின்றன. கொதிக்கும் வெயிலில் உவர்நீரில் நின்று, குனிந்து உப்பு வாரும் தொழிலாளிக்கு இடுப்புவலியும் மூட்டுவலியும் நாள்தோறும் உடன் வருபவை. மருத்துவரைத் தேடிச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். வலி நீக்கும் மருத்துவங்களைப் பற்றிப் பேசும் எவரும் இம்மனிதரை மனத்தில் இருத்தியே பேச வேண்டும்.

நம் சமுதாயத்தில் அண்மைக் காலமாக இரு மருத்துவங்கள் பெரிதும் போற்றப்படுகின்றன. ஒன்று சீனத்து அக்குபங்சர். மற்றொன்று கிண்ணம் பதித்துக் கீறிக் குருதி எடுக்கும் ஹிஜாமா. முன்னதை அறிவியல் என்றும் பின்னதை சுன்னத் என்றும் கூறி, கேள்விக்கு இடமின்றி ஏற்கச் சொல்வோர் பெருகியுள்ளனர். இவ்விரு கூற்றுகளையும் சற்று நிதானமாக ஆராய்வோம்.

ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலி உடைய 1,162 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2007இல் வெளியாயிற்று. ஆறு மாதங்களுக்குப் பின், முறைப்படி ஊசி குத்தப்பட்டோரில் ஏறத்தாழ 48 விழுக்காட்டினர் பயன் பெற்றிருந்தனர். புள்ளிகள் அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டோரில் 44 விழுக்காட்டினரும், வழக்கமான மருத்துவம் பெற்றோரில் 27 விழுக்காட்டினரும் பயன் பெற்றனர். நோயாளி பெற்ற ஆறுதல் மெய்யே. ஆயினும் குறிப்பிட்ட புள்ளிகளுக்கே அந்த ஆற்றல் உண்டு என்ற கொள்கை இதனால் மெய்ப்பிக்கப்படவில்லை. ஹிஜாமாவும் கழுத்துவலி, இடுப்புவலிகளுக்குக் குறுகிய காலப் பயன் தருவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அவற்றுள் பல சிறியவை, தரத்திலும் குறைந்தவை.

இனி மார்க்க ஆதாரத்திற்கு வருவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜாமா செய்துகொண்டதும், தலைவலிக்காக இஹ்ராம் நிலையிலும் அதனை மேற்கொண்டதும் ஸஹீஹான நபிமொழிகளில் பதிவாகியுள்ளன. இதில் ஐயமில்லை. ஆனால் அதன் தகுதி யாது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இப்னுல் கையிம் (ரஹ்) நபிவழி மருத்துவத்தை வஹீயின் ஒளி பெற்றதாகக் கண்டார். இப்னு கல்தூனோ, நபிகளார் வந்தது மார்க்கத்தைக் கற்பிக்கவே என்றும், அம்மருத்துவக் குறிப்புகள் அன்றைய அரபியரின் வழக்கத்தைச் சார்ந்தவை என்றும் தம் ‘முகத்திமா’வில் எழுதினார். இரண்டாவது கருத்தை விளம்பரத் தாள்கள் மறைத்துவிடுகின்றன.

மறைக்கப்படும் நபிமொழி மற்றொன்றும் உண்டு. மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அதற்கு அவரே பொறுப்பாளி என்பது அதன் கருத்து. ஒரே கத்தியைப் பலருக்குப் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். இரத்தசோகை உடையவரிடம் குருதி எடுத்தால் அவர் மேலும் நலிவார். சில நாட்களில் பெற்ற சான்றிதழுடன் கத்தி எடுப்போர் இந்நபிமொழியை முதலில் ஓத வேண்டும். முறையாக யூனானி பயின்று பதிவு பெற்றோரிடம் செல்வதே பாதுகாப்பு. அத்தகையோரை உருவாக்கும் அரசுக் கல்லூரி சென்னையிலேயே 1979 முதல் இயங்கி வருகிறது.

அபூ தைபா என்ற அடிமை நபிகளாருக்கு ஹிஜாமா செய்தார். நபிகளார் அவருக்கு உணவுத் தானியத்தைக் கூலியாக அளித்ததோடு நிற்கவில்லை. அவர் நாள்தோறும் ஈட்டித் தர வேண்டிய தொகையைக் குறைக்குமாறு அவருடைய எசமானர்களிடமும் பேசினார்கள். கிண்ணத்தை எடுத்துக்கொண்ட நாம் இந்தப் பிற்பகுதியை விட்டுவிட்டோம். உப்பளத் தொழிலாளியின் முதுகுவலி முதுகில் பிறந்ததன்று. அவர் சுமக்கும் சுமையில் பிறந்தது. நிழலும் ஓய்வும் நியாயமான கூலியும் இன்றிக் கிண்ணத்தையோ ஊசியையோ மட்டும் நீட்டுவது அரைகுறைச் சுன்னத்தேயாகும். வலியை நீக்குவோம், வலியை விளைவிக்கும் சுமையையும் குறைக்கக் கோருவோம். நபிவழி முழுமை பெறுவது அவ்விடத்தில்தான்.