எபிரேய மறையில் புறச்சமயம்: தொலைவும் அண்மையும்

பண்டைய இஸ்ரவேலர் பிற சமயங்களை எவ்வாறு நோக்கினர் என்னும் வினாவிற்கு, 'வெறுத்தனர்' என்ற ஒற்றை விடையே பெரும்பாலும் தரப்படுகிறது. சைவ சித்தாந்தம் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் எனக் கொள்கைத் தொலைவால் நால்வகைப்படுத்தும். அவ்வளவுகோலைக் கொண்டு எபிரேய மறையை நோக்கின் அவ்விடை போதாமை புலப்படும்.

உபாகமம் 20ஆம் அதிகாரம், தொலைவிலுள்ள நகரங்களுக்கு முதலில் சமாதானம் கூறுமாறு பணிக்கிறது. அண்மையிலுள்ள கானானிய நகரங்களையோ அடியோடு அழிக்கச் சொல்கிறது. அவர்தம் வழிபாட்டை இஸ்ரவேலர் கற்றுக்கொள்வர் என்பதே காரணம். மாறாக, இரண்டாம் இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தில் சீரியப் படைத்தலைவன் நாகமான், தன் அரசனோடு ரிம்மோன் கோயிலில் பணிய நேர்வதற்கு மன்னிப்பு வேண்டுகிறான். எலிசா அவனைக் கடியாது சமாதானத்தோடு அனுப்புகிறார். தொலைவிலுள்ளவனுக்குப் பொறுமை, அண்டையிலுள்ளவனுக்குக் கடுமை எனலாம்.

இவ்வண்மை எத்தகையது? கி.மு. 7ஆம் நூற்றாண்டில் யோசியா மன்னன் அகற்றிய அசேரா உருவம் எருசலேம் ஆலயத்திற்குள்ளேயே இருந்தது. சினாய்ப் பகுதியில் குந்தில்லத் அஜ்ருத் என்னுமிடத்தில் 1975–76இல் அகழ்ந்தெடுக்கப்பட்ட, ஏறத்தாழ கி.மு. 800ஐச் சார்ந்த எழுத்துகள் யாவேயின் பெயரோடு அசேராவையும் இணைத்து வாழ்த்துகின்றன. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அசேரா 'தோப்பு' ஆனமையால் தமிழ் வாசகர்க்கு இவ்வுறவு மறைந்துவிடுகிறது. அந்நியம் எனக் கடியப்பட்டவற்றுள் ஒரு பகுதி சொந்த இல்லத்து வழிபாடே.

சம்பந்தர் தேவாரத்திலும் இதனைக் காணலாம். பெரும்பாலான பதிகங்களில் பத்தாவது பாடல் சமணரையும் பௌத்தரையும் சாடுகிறது. சித்தாந்தம் அவர்களைப் புறப்புறத்தில் வைத்தாலும், அவர்கள் தமிழ் மண்ணில் வாழ்ந்தவர்கள். அப்பரே சமணராயிருந்து மீண்டவர். கொள்கையால் மிகத் தொலைவு. வாழ்வால் மிக அண்மை.

எனினும் இரண்டையும் சமப்படுத்தல் பொருந்தாது. உபாகமம் சட்டம்; பதிகம் வழிபாட்டுப் பாடல். ஆயினும் கானானியர் தனியினமாக நில்லாத காலத்திலேயே அவ்விதி எழுதப்பட்டது என்பர் ஆய்வாளர் பலர். எண்ணாயிரம் சமணர் கழுவேறிய வரலாற்றை விரித்துரைக்கும் பெரியபுராணமும், 7ஆம் நூற்றாண்டுச் சம்பந்தருக்குப் பின் 12ஆம் நூற்றாண்டில் எழுந்தது. நிகழ்ச்சியினும் நினைவே கடுமை மிக்கது போலும்.

இது பழங்கதையன்று. பிரிக்பீல்ட்சில் தமிழ் வேதாகமம் ஒலிக்கும் சீயோன் லுத்தரன் ஆலயம், தேவாரம் ஒலிக்கும் கந்தசுவாமி கோயில், பௌத்த மகா விகாரை ஆகியன நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. விகாரை அமைந்த சாலையின் பெயரிலுள்ள 'பெர்ஹாலா' என்னும் மலாய்ச் சொல் வழிபாட்டு உருவத்தைக் குறிக்கும். பத்தாவது பாடலையோ உபாகமத்தின் 20ஆம் அதிகாரத்தையோ வகுப்பில் தாண்டிச் செல்வது எளிது. விளக்கப்படாத வசைமொழியை மாணவர் அடுத்த தெருவினருக்கு உரியதாகவே கொள்வர். அது யாரை, எவ்வளவு அருகிலிருந்து நோக்கிக் கூறப்பட்டது எனக் கற்பித்தலே ஆசிரியர் கடன்.