எதைக் கையால் எழுதுவது?

நல்ல நிரலைப் படிப்பதில் தனிச் சுகம் உண்டு. ரெடிஸ் தரவுத்தளத்தின் மூலநிரலைப் புரட்டியவர்களுக்கு அது தெரியும். சுத்தமான சி மொழி, நிதானமாக விளக்கிச் செல்லும் குறிப்புரைகள். 2009இல் அதை உருவாக்கியவர் சிசிலிக்காரரான சல்வத்தோரே சான்ஃபிலிப்போ. 2020இல் விலகியவர் 2024 இறுதியில் திரும்பி வந்தார். இம்முறை பக்கத்தில் ஏஐ இருந்தது. அதை அவர் கையாண்ட விதத்தில்தான் இன்றைய நிரல் கலையின் நயம் தெரிகிறது.

2025 மே மாதம் அவர் எழுதிய ஓர் அனுபவம் ரசித்துப் படிக்க வேண்டியது. ரெடிஸில் வெக்டர்களை ஒரு வலைப்பின்னலாகச் சேமிக்கும் வசதியை அவர் செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முனையும் தன் அண்டை முனைகளைச் சுட்டும். சேமித்த கோப்பு பழுதாகி, ‘அ’ ‘ஆ’வைச் சுட்ட, ‘ஆ’ பதிலுக்கு ‘அ’வைச் சுட்டாமல் போனால் ஆபத்து: ‘ஆ’ அழிந்த பிறகும் ‘அ’ அந்தக் காலி இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும், நிரல் குலைந்துவிடும். எல்லா இணைப்புகளையும் இருபுறமும் சரிபார்த்தாலோ, கோப்பை ஏற்றும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

ஜெமினி என்ற ஏஐயிடம் வழி கேட்டார். அண்டைப் பட்டியலை வரிசைப்படுத்தித் தேடச் சொன்னது. பாடப்புத்தக விடை, தவறில்லை; ஆனால் பெரிய லாபமும் இல்லை. வேறொரு வழி அவருக்கே தோன்றியது. ஒரு இணைப்பின் இரு முனைகளையும் எப்போதும் ஒரே வரிசையில் வைத்து ஒரு ஹாஷ் எண்ணாக்கினால், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் எண் ஒன்றுதான். அதை ஒரே ஒரு திரட்டியில் எக்ஸ்ஓஆர் (XOR) செய்துகொண்டே போனால், இருமுறை வரும் எண் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். கடைசியில் பூச்சியம் மிஞ்சினால் இணைப்புகள் சரி. இல்லையென்றால் கோப்பில் பழுது. பட்டியலும் தேடலும் தேவையே இல்லை. என்ன சிக்கனம்!

அதோடு அவர் நிற்கவில்லை. தன் யோசனையை அதே ஜெமினியிடம் கொடுத்துக் குறை காணச் சொன்னார். தற்செயலாக எண்கள் மோதலாம் என்று அது எழுப்பிய ஐயத்துக்கு வலுவான ஹாஷையும் ரேண்டம் விதையையும் சேர்த்துப் பதில் சொன்னார். யோசனை மனிதருடையது, உரசிப் பார்க்கும் கல் இயந்திரம்.

இன்னொரு கை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுடையது. 2026 ஜனவரியில் கித்தார் ஒலி விளைவுகளுக்காக அவர் வெளியிட்ட ஆடியோநாய்ஸ் என்ற சிறு திட்டத்தில், ஒலியைக் கையாளும் சி நிரல் அவருடையது. அலைகளை வரைந்து காட்டும் பைத்தான் கருவி மட்டும் ஏஐ எழுதியது. அதை அவரே வெளிப்படையாகக் குறித்திருக்கிறார். ஏஐயிடம் சொல்லியே நிரல் எழுத வைக்கும் ‘வைப் கோடிங்’ என்ற சொல்லை 2025 பிப்ரவரியில் புழக்கத்தில் விட்ட ஆண்ட்ரே கர்பாதியும், அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட நானோசாட் என்ற திட்டத்தைப் பெரும்பாலும் கையாலேயே எழுதினார். தாமாகவே நிரல் எழுதும் ஏஐ ஏஜென்ட்கள் அதற்கு அவ்வளவாக உதவவில்லை என்றார். காய் நறுக்க ஆள் வைக்கலாம். உப்பைச் சமைப்பவரே போட வேண்டும்.

தாம் நன்கறிந்த நிரலில் கை வேகமாகவே ஓடும். மீட்டர் என்ற ஆய்வமைப்பு 2025இல் 16 அனுபவசாலிகளிடம், அவர்கள் பழகிய திட்டங்களிலேயே 246 பணிகளைக் கொடுத்தது. ஏஐ துணையோடு செய்தவற்றுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ வேகமாக முடித்ததாகவே நம்பினார்கள்.

இந்த எல்லைக்கோடு ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. 2025இல் ஏஜென்ட்களைத் தள்ளி வைத்த சான்ஃபிலிப்போவே, 2026 ஜனவரியில் ரெடிஸ் சோதனைகளின் விட்டுவிட்டு வரும் கோளாறுகளை ஒரு ஏஜென்டிடம் விட்டதாக எழுதினார். என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று யோசிப்பதுதான் இப்போது சுவையானது என்றார்.

ஜாங்கோ என்ற வலைச் சட்டகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான சைமன் வில்லிசன் தனக்கென ஒரு விதி வைத்திருக்கிறார்: பிறருக்கு விளக்க முடியாத நிரலைத் திட்டத்தில் சேர்ப்பதில்லை. யார் எழுதிய வரியானாலும் சரி. நீங்களும் அந்த விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதை இயந்திரத்திடம் தாராளமாகக் கொடுக்கலாம்.