எழுதி வைக்காத அளவுகள்

தஞ்சாவூர் வீணைக்கு 2013இலும் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இலும் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, கையால் செய்யும் இசைக்கருவிகளைப் போற்றிப் பேசுவது தமிழ்ச் சூழலில் பெருவழக்காகிவிட்டது. யாழ்ப்பாணத்திலும் அந்தக் குரல் கேட்கிறது. வீணையோ தவிலோ மாண்டலினோ கிற்றாரோ, சிறு பட்டறை ஒன்றில் ஒருவர் தனியே செய்து முடித்தால் அந்த வேலையை இரண்டு விதமாகப் புகழ்கிறார்கள். இயந்திரம் தொடாத வேலை என்பது ஒன்று. அளவுகோலும் வரைபடமும் இல்லாமல் காதாலும் கைவிரலாலும் செய்த வேலை என்பது மற்றது. முதலாவது புகழ்ச்சி பெரும்பாலும் நியாயமானது. இரண்டாவதோ ஒரு குறையை எடுத்துப் பெருமையாக்கிச் சூட்டுகிறது. அளவை எழுதி வைக்காத பழக்கம்தான் நமது கருவித் தொழிலை நெடுங்காலமாகத் தின்று வந்திருக்கிறது. அதற்கே பொன்னாடை போர்த்துவது, தொழிலைக் காக்க வந்தவர்கள் தெரியாமலே அதற்குக் குழி தோண்டுவதாகும்.

பட்டறையின் சிறப்புகளை மறுப்பதற்கில்லை. தொழிற்சாலை எல்லோருக்கும் ஒரே கருவியைச் செய்கிறது. பட்டறை ஒருவரின் தேவைக்கு ஒன்றைச் செய்கிறது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி சுத்த மத்தியமம் பிசகாமல் பேசும் பாரி நாயனம் என்ற நாதஸ்வரத்தை உருவாக்கியது, டி. என். ராஜரத்தினம் பிள்ளை என்ற வித்துவானின் தேவைக்கு முகங்கொடுத்ததால்தான். இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள் கொண்ட மேலைத்தேய மாண்டலின் கமகத்துக்கு இடங்கொடாதபோது, யூ. ஸ்ரீனிவாஸ் ஐந்து ஒற்றைத் தந்திகள் பூட்டிய மின்மாண்டலினைக் கைக்கொண்டார். அத்தகைய கருவி கடைத்தட்டில் கிடைப்பதில்லை, யாராவது செய்துகொடுக்கத்தான் வேண்டும். வாசிப்பவரும் செய்பவரும் எதிரெதிரே இருந்து பேசித் திருத்தும் இடம் பட்டறை மட்டுமே. மரத்தைத் தட்டிக் கேட்டு வைரம் எது, சோத்தி எது என்று பிரிக்கும் அறிவும் அங்கேதான் வளர்கிறது. இவற்றில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. என் எதிர்ப்பு, இந்த அறிவு செய்தவரின் உடலோடு நின்றுபோவதைக் குறித்து.

அப்படி நின்றுபோனால் என்ன நேரும் என்பதற்கு யாழைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என்று உரையாசிரியர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். பொருநராற்றுப்படை யாழின் பத்தலைக் குளம்பு பதிந்த சுவட்டுக்கும், விசித்துக் கட்டிய தோலை விளக்குச் சுடரின் நிறத்துக்கும் ஒப்பிடுகிறது. உறுப்புறுப்பாக இவ்வளவு அழகாக வருணிக்கப்பட்ட கருவிகள் உலகில் அதிகம் இருக்க முடியாது. ஆனால் பத்தலின் ஆழம் எத்தனை விரற்கடை, கோட்டின் வளைவு எவ்வளவு, எந்த நரம்பு எவ்வளவு நீளம் என்று கேட்டால் விடை இல்லை. புலவர்கள் உவமையைத் தந்தார்கள். தச்சர்கள் அளவைத் தரவில்லை. விளைவாக, காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் உரைகளையும் கணிதத்தையும் துணைக்கொண்டு பல்லாண்டு உழைக்க வேண்டியிருந்தது. 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய யாழ் நூல் அந்த உழைப்பின் பயன். ஒரு பேரறிஞர் பல ஆண்டுகளைச் செலவிட்டுத் தேடியதில் ஒரு பங்கையாவது, யாழ் செய்த தச்சர் ஒருவர் ஓர் ஓலையில் கீறி வைத்திருக்கலாம். சென்னையில் கிற்றார் செய்யும் உரு என்ற சிறு பட்டறையின் தருண் சேகர் அண்மைக் காலத்தில் செங்கோட்டியாழை மீண்டும் செய்து ஒலிக்க வைத்திருக்கிறார். மதிக்க வேண்டிய முயற்சி அது. ஆனால் பாணர் கையிலிருந்த யாழ் இப்படித்தான் ஒலித்தது என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அறுந்த தொடர்ச்சியை ஊகத்தால்தான் ஒட்ட முடிகிறது.

இதற்கு நேர் எதிரான வரலாறு கிற்றாருடையது. இன்றைய கிளாசிக்கல் கிற்றாரின் உருவத்தை நிலைநிறுத்தியவர் ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரஸ் (1817-1892). தச்சுத்தொழில் பழகி வந்தவர், சிறு பட்டறைக்காரர், தம் கையால் செய்தவர். கிற்றாரின் குரல் மேற்பலகையிலிருந்தே பிறக்கிறது என்று காட்டுவதற்காக 1862இல் முதுகையும் விலாவையும் காகித அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் மரத்தில் வைத்து ஒரு கிற்றாரை உருவாக்கினார். தமது இரகசியம் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பலகையின் தடிப்பை உணர்வதில் இருக்கிறது என்றும், அது தம்மோடு போய்விடும் என்றும் அவர் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. நம்மவர் விரும்பி மேற்கோள் காட்டக்கூடிய பேச்சு அது. ஆனால் நடந்தது வேறு. பின்வந்தவர்கள் அவருடைய கருவிகளை அளந்தார்கள். 650 மில்லிமீற்றர் தந்தி நீளம், மேற்பலகையின் உட்புறத்தில் விசிறிபோல் விரியும் தாங்குசட்டங்கள், பலகை இடத்துக்கு இடம் கொள்ளும் தடிப்பு என எல்லாம் தாளுக்கு வந்தன. ஹோசே ரோமனியோஸ் என்ற கிற்றார் செய்பவரே 1987இல் தோரஸின் வாழ்வையும் வேலையையும் அளவுகளோடு நூலாக்கினார். தோரஸின் விரலுணர்வு அவரோடு போனது உண்மை. ஆனால் உலகெங்கும் சிறு பட்டறைகளில் இன்று நல்ல கிற்றார்கள் பிறப்பதற்குக் காரணம், அவரிடமிருந்து அளந்தெடுக்க முடிந்தவைதான். தோரஸைப் பின்பற்றுபவர்கள் கைவினைஞர்களாகவே இருக்கிறார்கள். அளவுகோல் அவர்களை இயந்திரம் ஆக்கிவிடவில்லை.

அளவு எவ்வளவு நுண்மையாக வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லும். 650 மில்லிமீற்றர் கிற்றாரில் முதல் மெட்டு ஏறத்தாழ 36.5 மில்லிமீற்றரில் விழும். பன்னிரண்டாவது மெட்டு நட்டநடுவில், 325இல். மாண்டலினின் தந்தி நீளம் ஏறத்தாழ 350தான். அதன் பன்னிரண்டாவது மெட்டு ஒரேயொரு மில்லிமீற்றர் தள்ளி அமைந்தால், சுருதி ஓர் அரைச்சுரத்தின் பத்தில் ஒரு பங்கு விலகும். பயின்ற காது அதை உடனே பிடித்துக்கொள்ளும். பயிலாத காது அதையே சரியென்று பழகிக்கொள்ளும். இந்த இரண்டாவது ஆபத்துதான் பெரியது. வீணையை எடுத்துக்கொள்வோம். பலாவில் குடமும் தண்டியும் குடைந்து, தண்டியின் இரு ஓரமும் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கறுப்புச் சட்டம் அமைத்து, மெழுகை இளக்கி, தந்தியை மீட்டிக் கேட்டபடி 24 பித்தளை மெட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி நிறுத்துகிறார்கள். மெட்டை நகர்த்தித் திருத்த இடம் தரும் அருமையான ஏற்பாடு இது. ஆனால் மெழுகு வெப்பத்துக்கு இளகும், விரலின் அழுத்தத்துக்கு இடம் கொடுக்கும், காலப்போக்கில் காய்ந்து உதிரும். சித்திரை வெயிலையும் சோளகத்தின் வறட்சியையும் மாரியின் ஈரத்தையும் மாறி மாறித் தாங்கும் யாழ்ப்பாணத்து வீடொன்றில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மெட்டுகளைத் திரும்ப வைக்க வேண்டிவரும். அந்த வீணையின் மெட்டுகள் முதலில் எங்கே நின்றன என்பதற்கு ஒரு குறிப்பும் கூட வருவதில்லை. செய்தவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார், அல்லது உயிரோடு இல்லை. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்காக வீணை பழகும் பிள்ளை, பிசகிய மெட்டிலேயே காந்தாரத்தைக் கற்றுக்கொள்கிறது. தேர்ந்த காதை நம்பிச் செய்த கருவி, காது தேறாத பிள்ளையின் கைக்குப் போய் அந்தக் காதையே கெடுக்கிறது. மெட்டுகளின் இடம் குறித்த ஒரு பித்தளைத் தகடோ ஒரு நீளத் தாளோ வீணையோடு வந்திருந்தால், உள்ளூர் ஆசிரியர் ஒருவரே பெரும்பகுதி வேலையைச் செய்துவிட முடியும்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளில் முதலாவது, மரத்துக்கு மரம் குணம் வேறு, ஆகவே ஓர் அளவு எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்பது. முழு உண்மை. அது கூடுதலாக அளக்க வேண்டும் என்பதற்கான காரணம். இந்தப் பலகை எவ்வளவு நிறை, எவ்வளவு வளைந்தது, எந்தத் தடிப்பில் எப்படி ஒலித்தது என்று பத்துக் கருவிகளுக்கு எழுதி வைத்தால், பதினோராவது பலகையைப் பார்த்தவுடன் எங்கே நிறுத்துவது என்று தெரியும். எழுதாவிட்டால் ஒவ்வொரு மாணவரும் மரத்தைப் பழுதாக்கியே கற்க வேண்டும். பழுதாக்க நம்மிடம் மரம் எங்கே? 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் அனுமதியின்றித் தறிக்க முடியாது. காடில்லாத குடாநாட்டில் நல்ல பலாக்கட்டை ஒன்றை வீணாக்குவது பொருளாலும் மனச்சாட்சியாலும் தாங்க முடியாத செலவு. இரண்டாவது மறுப்பு, கர்நாடக இசையின் சுரங்களும் கமகமும் கிற்றாரின் சமப்பங்கீட்டுக் கணக்குக்குள் அடங்கா என்பது. அதுவும் சரி. அந்தக் கணக்கை வீணைக்குக் கடன் கேட்க வேண்டியதில்லை. தேர்ந்த காது எந்த இடத்தில் மெட்டை நிறுத்தியதோ அந்த இடத்தைக் குறித்து வைக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. காது தீர்ப்புச் சொல்லட்டும். தீர்ப்பைப் பதிவு செய்ய ஒருவர் வேண்டாமா? தவிலைப் பாருங்கள். வாரைக் களைந்து இரும்பு வளையமும் திருகாணியும் பூட்டியபோது நாதம் செத்துவிடும் என்றவர்கள் இருந்தார்கள். இன்று திருகாணி பூட்டிய தவில் கோயில் வீதிகளில் பரவலாக முழங்குகிறது. சுருதியைக் கூட்டுவதும் குறைப்பதும் வித்துவானின் கைக்கே வந்துவிட்டது.

மூன்றாவது மறுப்பு வயிற்றைப் பற்றியது, ஆகவே மதிக்கத்தக்கது. அளவு வெளியே போனால் தொழில் வெளியே போகும், குடும்பச் சொத்து கைமாறும் என்ற அச்சம் அது. ஆனால் இரகசியம் யாரைக் காத்தது? பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போவதை அது தடுக்கவில்லை. தொழிற்சாலைக் கருவி கடைக்கு வருவதையும் தடுக்கவில்லை. கிரெமோனாவில் ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்தார். தொழிலில் உடனிருந்த மக்கள் இருவரும் சில ஆண்டுகளுக்குள் மறைந்தார்கள். அவருடைய மர அச்சுகள் பாதுகாக்கப்பட்டதால் வயலினின் வடிவம் நமக்குத் தெரியும். பூச்சின் பக்குவத்தை அவர் எழுதி விட்டுப்போகாததால் அது பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. ஒரே மனிதரின் அறிவில், பொருளாகப் பதிந்த பாதி பிழைத்தது, பதியாத பாதி போயிற்று. யாழ்ப்பாணத்துக்கு இந்தப் பாடம் இரட்டிப்பாகப் பொருந்தும். 1995 ஒக்ரோபரில் போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் ஒரே இரவில் எழுந்து நடந்தது. அப்படி நடக்கும் மனிதர்களால் பட்டறையைச் சுமக்க முடியாது, ஒரு கொப்பியைச் சுமக்க முடியும். தாளும் எரியுமே, 1981இல் யாழ்ப்பாண நூலகமே எரிந்ததே என்று கேட்கலாம். எரிந்தவற்றில் வேறு படி இருந்தவை திரும்பி வந்தன. ஒற்றைப் படியாக இருந்தவை போய்விட்டன. படியே இல்லாத அறிவுக்கு நெருப்புக்கூடத் தேவையில்லை. ஒரு மாரடைப்புப் போதும்.

ஆகவே கைவினையை நேசிப்பவர்கள் புகழும் முறையை மாற்ற வேண்டும். காதால் மட்டுமே செய்தேன் என்பவரைக் கைதட்டி அனுப்பாமல், அந்தக் காது கண்டதை எங்கே குறித்திருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். விருது கொடுப்பவர்கள் கருவியோடு அதன் முழு அளவு வரைபடத்தையும் மரத்தின் விவரத்தையும் மெட்டுகளின் இடத்தையும் நிபந்தனையாகக் கேட்கட்டும். கொடுக்கும் கைவினைஞருக்கு அதற்கெனத் தனிச் சன்மானமும் வழங்கட்டும். அறிவை இலவசமாகப் பறிப்பது நியாயமாகாது. வீணையும் வயலினும் மிருதங்கமும் கற்பிக்கும் மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகமாக இருந்து இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதியாகிவிட்ட நிறுவனம், வாசிக்கக் கற்பிப்பதோடு நல்ல கருவிகளை அளந்து வைக்கும் ஓர் ஆவணக்கூடத்தையும் நடத்தலாம். நல்ல நாதம் என்று ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ளும் பழைய வீணைகள், தவில்கள், மிருதங்கங்கள் வீடுகளில் இருக்கின்றன. ஒரு மீற்றர் நாடா, தடிப்புமானி, தராசு, ஒலிப்பதிவுக் கருவி ஆகியவை போதும். இந்த வேலைக்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. மாண்டலினோ கிற்றாரோ செய்யப் புறப்படும் இளைஞர் முதல் கருவியிலிருந்தே ஒரு கொப்பி வைத்துக்கொள்ளட்டும். சரியாக வந்ததை மட்டுமல்லாமல் வெடித்ததையும் வளைந்ததையும் எழுதட்டும். அளவு எழுதப்பட்ட கருவி இன்னொரு கருவிக்குத் தாயாகும். எழுதப்படாதது எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் மலடாகவே முடியும். அந்த மலட்டுத்தனத்தை மரபென்று போற்றுவதை நாம் இனியாவது நிறுத்த வேண்டும்.