குட்டையான ஓட்டுநர், கனமான சாவிக்கொத்து

2002இல், ஒஹையோவில் படித்துக்கொண்டிருந்தபோது நான் வாங்கிய முதல் கார் ஒரு பச்சை நிற சாடர்ன். 1996ஆம் ஆண்டு மாடல், என்னிடம் வந்தபோது மூன்றாம் கை. டாஷ்போர்டுப் பெட்டியைச் சுத்தம் செய்தபோது பழைய காப்பீட்டுத் தாள்களுக்கு அடியில் ஒரு புகைப்படம் கிடைத்தது. அதே கார், புத்தம் புதிதாக. பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சாவியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார். சுற்றிலும் ஷோரூம் ஊழியர்கள் ஏழெட்டுப் பேர் கைதட்டுகிறார்கள். கணவர், மகன் என்று சொல்லும்படி படத்தில் யாருமில்லை.

அது அந்த நிறுவனத்தின் சடங்கு என்று பிறகுதான் தெரிந்தது. கார் வாங்கும் நாளில் கடையில் இருப்பவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து கூடுவார்கள், ஆரவாரம் செய்வார்கள், படம் எடுத்துக் கொடுப்பார்கள். பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளி ஆண்டுவிழா போல இருந்தது. ஆனால் படத்தைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் வேறொரு கார் கடையில் எனக்கு நடந்தது அப்படி.

துணைக்கு என் தம்பியை அழைத்துப் போயிருந்தேன். அவனுக்கு வயது பத்தொன்பது, கார் ஓட்டத் தெரியாது. கேள்விகளை எல்லாம் நான்தான் கேட்டேன்: எத்தனை மைல் ஓடியிருக்கிறது, பிரேக் எப்போது மாற்றியது, கடைசி விலை என்ன. ஒவ்வொரு பதிலையும் விற்பனையாளர் தம்பியைப் பார்த்தே சொன்னார். அவன் பாவம், ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். வெளியே வந்ததும், "அக்கா, அவர் என்ன சொன்னார்?" என்று என்னிடம் கேட்டான்.

இதைத் தனி மனிதரின் மரியாதைக்குறைவு என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன். இயன் அயர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் 1991இல் ஹார்வர்டு லா ரிவ்யூவில் எழுதிய கட்டுரையைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. சிகாகோ வட்டாரக் கார் கடைகளுக்கு அவர் ஆட்களை அனுப்பினார். எல்லோருக்கும் ஒரே மாதிரி உடை, ஒரே பேர உத்தி, ஒரே வசனம். வேறுபாடு நிறத்திலும் பாலினத்திலும் மட்டும். வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன இறுதி விலையில் கடைக்காரருக்கு எவ்வளவு லாபம் இருந்ததோ, வெள்ளைப் பெண்களுக்குச் சொன்ன விலையில் அதைவிட 40 சதவீதம் அதிகம் இருந்தது. கறுப்பு ஆண்களிடம் இரண்டு மடங்குக்கு மேல், கறுப்புப் பெண்களிடம் மூன்று மடங்குக்கு மேல். பேரம் பேசத் தெரியாததால்தான் பெண்கள் ஏமாறுகிறார்கள் என்று சொல்லிவந்தவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது. பேரம் எல்லோருக்கும் ஒன்றாகவே எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. மாறியது எதிரில் நின்ற உடல்தான்.

அந்தக் கட்டுரை வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1990 அக்டோபரில், சாடர்ன் விற்பனைக்கு வந்தது. ஜப்பானியச் சிறு கார்களோடு போட்டியிடுவதற்காக ஜெனரல் மோட்டார்ஸ் 1985இல் தொடங்கிய தனி நிறுவனம் அது. டென்னசியில் ஸ்பிரிங் ஹில் என்ற சிற்றூரில் தொழிற்சாலை. தொழிற்சங்கத்தோடு தனி ஒப்பந்தம். தொழிலாளரும் மேலாளரும் குழுவாக உட்கார்ந்து முடிவெடுப்பார்கள். ஒரு முடிவோடு எழுபது சதவீதம் உடன்பாடு இருந்தால் போதும், எடுத்த பிறகு நூறு சதவீதம் துணை நிற்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட விதி. இவற்றைவிட முக்கியம் விற்ற முறை. காரின் மேல் ஒட்டியிருப்பதுதான் விலை. பேரம் கிடையாது. உங்கள் கணவரை அழைத்து வாருங்கள் என்பதும் கிடையாது. வாங்கியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதில் வியப்பென்ன?

ஹால் ரைனியின் விளம்பர நிறுவனம் எடுத்த தொலைக்காட்சி விளம்பரங்களை இப்போது மறுபடி பார்த்தேன். அவற்றில் கார் அதிகம் வருவதில்லை, மனிதர்கள்தான் வருகிறார்கள். அலாஸ்காவில் எங்கோ ஒரு மூலையில் ஒரு பெண் சாடர்ன் வாங்கியிருக்கிறார். இருக்கையில் ஒரு குறை என்று தெரிந்ததும் அதைச் சரிசெய்ய நிறுவனத்தின் ஆள் அவ்வளவு தூரம் பயணம் செய்து போகிறார். இன்னொன்றில், தனியாகக் கார் பார்க்கப் போய் அலட்சியப்படுத்தப்பட்ட ஒரு பெண் கடைசியில் சாடர்ன் விற்பவராகவே ஆகிவிடுகிறார். அன்பொழுகும் விளம்பரங்கள். மரியாதை என்பது அடிப்படை உரிமை என்றால் அதை விளம்பரம் செய்ய வேண்டியதில்லை; மற்ற எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதால்தான் அது விற்பனைப் பொருளாகிறது. இந்த விளம்பரங்களை எடுத்த அதே ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற காப்பெயர்களை பழைய முறையிலேயே, பழைய விற்பனையாளர்களை வைத்தே விற்றுக்கொண்டிருந்தது. ஒரே முதலாளியின் ஒரு கடையில் பெண் மனுஷி, அடுத்த கடையில் ஏமாளி.

ஒட்டிய விலை நியாயமானதா என்றும் கேட்க வேண்டும். சாடர்ன் தன் விற்பனையாளர் ஒவ்வொருவருக்கும் பெரிய பரப்பை ஒதுக்கிக் கொடுத்தது. பக்கத்து ஊர் சாடர்ன் கடையும் பெரும்பாலும் அவருடையதுதான். எனவே தங்களுக்குள் போட்டியிட்டு விலையைக் குறைக்க வேண்டிய நெருக்கடி இல்லை. பேரத்தில் கெட்டிக்கார ஆண் வேறு கடையில் இதைவிட மலிவாக வாங்கியிருக்கலாம். இருந்தும், என் பெண்ணிய நண்பர்கள் சிலரைப் போல இதை வெறும் சந்தை உத்தி என்று ஒதுக்க என்னால் முடியாது. கறுப்புப் பெண்ணிடமும் வெள்ளை ஆணிடமும் ஒரே எண்ணைச் சொல்வது சின்ன விஷயமல்ல. படத்திலிருந்த அந்த அம்மாவின் முகத்தில் இருந்தது ஏமாந்தவரின் சிரிப்பல்ல.

மோட்டார் பத்திரிகைகள் சொன்னதும் சொந்தக்காரர்கள் சொன்னதும் ஒன்றுக்கொன்று பொருந்தவே இல்லை. என்ஜின் இரைச்சல், பிளாஸ்டிக் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டும் உண்மை. வயதான என்ஜின்கள் எண்ணெய் குடிப்பதும் எல்லோரும் அறிந்ததே. சொந்தக்காரர்களோ, கடை வாசலில் தள்ளுவண்டி இடித்தாலும் கதவு நெளிவதில்லை, குளிர்காலச் சாலை உப்பு அந்தப் பலகைகளை அரிப்பதில்லை, சர்வீஸுக்குப் போனால் மனுஷியாக நடத்துகிறார்கள் என்றார்கள். 1991இல் தவறான குளிர்விப்புத் திரவம் ஊற்றப்பட்ட 1,836 கார்களை நிறுவனம் பழுது பார்க்கவில்லை, புதிய கார்களாகவே மாற்றிக் கொடுத்தது. 1994 கோடையில் ஸ்பிரிங் ஹில்லுக்கு விருந்தாளிகளாக வரச்சொன்னபோது சுமார் 44,000 பேர் போனார்கள். தொழிற்சாலையைப் பார்க்க, விடுமுறையில், சொந்தச் செலவில்! எவ்வளவு வேகம் என்பது ஒரு அளவுகோல். நள்ளிரவில் தனியாக வீடு திரும்ப நம்பலாமா என்பது இன்னொன்று. இரண்டாவதை உணர்ச்சிவசம் என்று தள்ளிவிடுவது கார் விமர்சனத்தின் பழக்கம்.

நம்பியவர்களுக்கு நிறுவனம் செய்தது என்ன? ஏறக்குறைய பத்தாண்டுகள் அதே சிறு காரை வைத்தே ஓட்டியது. குழந்தை பிறந்து பெரிய கார் தேடியவர்களுக்குக் கொடுக்க எதுவுமில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற பிரிவுகள் இந்தச் செல்லப்பிள்ளைக்குப் பணம் போவதை விரும்பவில்லை. விற்பனை 1994இல் உச்சத்தைத் தொட்டுச் சரியத் தொடங்கியது. சரிந்த பிறகு தலைமைக்கு யார் வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 1999இல் சிந்தியா ட்ரூடெல். அமெரிக்கக் கார் நிறுவனமொன்றின் பிரிவுக்குத் தலைவரான முதல் பெண் என்று பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு ஆனெட் கிளேட்டன். அவருக்குப் பிறகு கடைசிவரை ஜில் லைட்சியாக். மூன்று பெண்கள். ஏறுமுகத்தில் இருந்தபோது தலைவர்கள் ஆண்கள். வீடு ஒழுகத் தொடங்கியதும் சாவியை மருமகளிடம் கொடுப்பதுபோல. உளவியலாளர்கள் மிஷல் ரையனும் அலெக்ஸ் ஹாஸ்லமும் 2005இல் இதற்குக் கண்ணாடிச் செங்குத்துப்பாறை என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். சாடர்னில் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. தொழிலாளரின் தனி ஒப்பந்தமும் 2003இல் முடிவுக்கு வந்தது.

இந்தக் காலத்தில் வந்த கார்தான் அயான். அதன் சாவித்துளையில் ஒரு குறை: சாவியைப் பிடித்துவைக்கும் விசை போதாது. கொத்தின் கனத்தாலோ முழங்கால் பட்டோ சாவி திரும்பிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் நிற்கும், ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துப்போகும், மோதினால் காற்றுப்பை விரியாது. 2005இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் விற்பனையாளர்களுக்கு ஒரு அறிவிப்பு அனுப்பியது. வாடிக்கையாளர்களுக்கு அல்ல. ஓட்டுநர் குட்டையானவராகவும் சாவிக்கொத்து பெரிதாகவோ கனமாகவோ இருந்தால் இது நேர வாய்ப்பு அதிகம் என்றது அது. குட்டையானவர்கள் இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வதால் முழங்கால் சாவியில் இடிக்குமாம். பரிகாரம், கொத்திலிருந்து வேண்டாதவற்றைக் கழற்றிவிடச் சொல்வது.

அந்த அறிவிப்பில் பெண் என்ற சொல் இல்லை. தேவையுமில்லை. இருக்கையை முன்னால் இழுப்பவர் யார், வீடு, அலுவலகம், அம்மா வீடு, தபால்பெட்டி என்று எல்லாச் சாவியையும் ஒரே கொத்தில் சுமப்பவர் யார் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் ஐந்தடி. என் உயரம் இயந்திரத்தின் குறைக்குக் காரணமாக எழுதப்பட்டிருப்பதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. விபத்துச் சோதனைப் பொம்மைகளிலும் இதே கதைதான்: சிறு பெண் என்று சொல்லப்படும் பொம்மை பெரும்பாலும் ஆண் பொம்மையைச் சுருக்கியது. அமெரிக்க அரசின் நட்சத்திர மதிப்பீட்டில் 2011 மாடல்களிலிருந்து அதைச் சேர்த்தபோதும், நேர்மோதல் சோதனையில் உட்கார வைத்தது ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில்.

டெக்சாஸில் 2004இல் ஒரு இளம்பெண் ஓட்டிய அயான் சாலையைவிட்டு விலகி மரத்தில் மோதியது. உடன் வந்த காதலன் இறந்தான். காற்றுப்பைகள் விரியவில்லை. பிரேக் போட்ட தடம் இல்லை. குற்றம் ஓட்டியவள்மேல் விழுந்தது. கவனக்குறைவால் உயிரிழப்பு என்ற குற்றச்சாட்டை 2007இல் அவள் ஒப்புக்கொண்டாள். தன் காரில்தான் பழுது என்று நிறுவனம் அதற்குச் சில மாதங்கள் முன்பே தன் உள்ஆய்வில் முடிவு செய்திருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, அரசு வழக்கறிஞரிடமும் சொல்லவில்லை. பெண் ஓட்டினால் கவனமின்றித்தான் ஓட்டியிருப்பாள் என்ற நம்பிக்கை அந்த மௌனத்துக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்!

2014 ஜனவரியில் மேரி பாரா ஜெனரல் மோட்டார்ஸின் தலைமைச் செயல் அதிகாரியானார். அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். அடுத்த மாதமே அயான் உள்ளிட்ட கார்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு தொடங்கியது. ஏப்ரலில் நாடாளுமன்றக் குழு முன் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தவர் அவர்தான். மறுபடி அதே பாறை விளிம்பு என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவர் 2011 முதல் தயாரிப்பு வளர்ச்சிப் பிரிவின் தலைவர். வெளியிலிருந்து வந்த அப்பாவியல்ல. நிறுவனமே அமர்த்திய வழக்கறிஞரின் அறிக்கையில் ஒரு பழக்கம் பதிவாகியிருக்கிறது: கூட்டத்தில் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள், வெளியே போய் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். அதைப் படித்தபோது ஸ்பிரிங் ஹில்லின் எழுபது சதவீத விதி ஞாபகம் வந்தது.

அந்தக் குறையால் நேர்ந்தவை என்று 124 மரணங்களை இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்டது. நிறுவனம் 2015இல் 90 கோடி டாலர் கட்டி வழக்கை ஒத்திவைத்துக்கொண்டது. தனிநபர் எவர்மேலும் குற்ற வழக்கு இல்லை. டெக்சாஸ் பெண்ணை நீதிமன்றம் 2014 நவம்பரில் விடுவித்தது, விபத்து நடந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகு. அதற்குள் சாடர்ன் என்ற பெயரே இல்லாமல் போயிருந்தது: 2009இல் ஜெனரல் மோட்டார்ஸ் திவாலானபோது அதை வாங்க வந்த பென்ஸ்கே நிறுவனம் செப்டம்பர் கடைசியில் பின்வாங்கியது, அடுத்த ஆண்டு கடைகள் மூடப்பட்டன.

என் பச்சைக் காரை 2008இல் ஒரு மாணவிக்கு விற்றேன். பேரம் பேசாமல், சொன்ன விலைக்கு. புகைப்படத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த அம்மா அடுத்து வாங்கியது அயானாக இருந்திருக்குமோ என்று எப்போதாவது நினைப்பேன். படத்தில் அவரும் உயரமில்லை.